கழுத்துக்குக் கீழே ஒளிபரப்பு இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம்தான், அவளைக் கேட்டால் அப்படித்தான் சொல்வாள். வீட்டில் சுகமில்லாமல் இருப்பது டிவி ஒன்றுதான். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, கைகளை நன்றாக வைத்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். மற்ற அப்பாக்கள் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதுவார்கள். நான் கையைப் பார்த்துக்கொள் என்று எழுதுகிறேன். உன் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது, எனக்கு வரும் செய்தியும் அதில்தான் இருக்கிறது.

செல்போன் இருக்க எதற்குக் காகிதம் என்று கேட்பாய். செல்போனில் நான் அரை மணி நேரம் தடவித் தடவி எழுதி அனுப்புவதற்கு நீ "சரிப்பா" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டு, பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படத்தையும் வைத்து முடித்துவிடுகிறாய். இப்போது எழுதப் போகும் விஷயத்துக்கு அந்தக் கட்டைவிரல் போதாது. வீடியோவில் பேசலாம் என்றால் நமக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பேச்சு போனோடு போய்விடுகிறது. மேஜையில் சாய்த்து வைத்தால் உன் அம்மா மேஜை துடைக்கிற சாக்கில் வந்து போனைக் கவிழ்த்துவிட்டுப் போகிறாள். அந்த மேஜை இப்போது இருப்பதுபோலச் சுத்தமாக எப்போதும் இருந்ததில்லை.

கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். உன் சேனலில் இருக்கும் என்ஜினியர்களிடம் சொல்லி, ஏழு மணிச் செய்தியில் உன்னை நிறுத்தி வைத்திருக்கும் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கச் சொல். அது முடியாது என்றால், அவர்கள் அனுப்பும் வரிகளைக் கொஞ்சம் குறைத்து அனுப்பச் சொல். வரி என்றால் என்ன, அதற்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்பதையெல்லாம் கீழே விளக்கியிருக்கிறேன். எனக்கே இரண்டு மாதம் முன்புவரை தெரியாது. இப்போது எனக்குத் தெரிந்திருக்கும் அளவுக்கு ஒரு மனிதனுக்கு டிவியைப் பற்றித் தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்றும் தோன்றுகிறது.

உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன், அலுத்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை நீ என்ஜினியர்களிடம் காட்ட வேண்டியிருக்கும், அவர்களுக்கு நம் வீட்டைத் தெரியாது. எனக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பாட்டில் தொழிற்சாலையில் விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற பாட்டில்களில் விரிசல் இருப்பதைப் பார்த்து எடுத்துப் போடுவது என் வேலை. காது கேட்காதவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான் என்று அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள், ஓய்வு பெறும்வரை யாரும் என்னை அதிலிருந்து எழுப்பவில்லை. கடைசி நாளில் கை குலுக்கி இந்த டிவியைக் கொடுத்தார்கள். இதில் செய்தி வாசிப்பவரின் வாயை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் பிடிபடாது. விபத்துக்கும் விளையாட்டுக்கும் ஒரே மாதிரி பல்லைக் காட்டுகிறார். நீ அவர் பக்கத்தில், வலது பக்கக் கீழ் மூலையில் வந்து நின்று கையால் செய்தி சொல்ல ஆரம்பித்த பிறகுதான் உலகத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. எனக்குச் செய்தித்தாள் படிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் செய்தித்தாள் என் முகத்தைப் பார்த்துப் பேசாது.

அடுத்து வருவது குடும்ப விஷயம். என்ஜினியர்களிடம் காட்டும்போது இந்தப் பத்தியை மட்டும் மடித்துக் காட்டு. உன் அம்மா இங்கேயே ஓர் ஆபீசில் உனக்கு வேலை பார்த்து வைத்திருந்தாள். நீ அதை வேண்டாம் என்று தலைநகருக்குக் கிளம்பினாய். "ஊரே பாக்க நின்னு கையாட்டப் போறியா?" என்று அவள் கேட்டாள். "அப்பாகிட்ட தெருவுல கையால பேச உனக்கு வெட்கம். அதான் இந்த வேலை உனக்குப் பிடிக்கல" என்று நீ சொன்னாய். சொல்லிவிட்டு நீ பெட்டியைப் பூட்டக் குனிந்துவிட்டாய், அவள் முகம் போன போக்கை நான்தான் பார்த்தேன். "இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்றாள். வாயால் சொன்னது போதாது என்று எனக்காகக் கையாலும் சொன்னாள். அன்றிலிருந்து நீ போன் செய்தால் எடுப்பதில்லை. ஏழு மணியானால் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடிக்கிறாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர், இவ்வளவு துணி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மடித்ததையே உதறி மறுபடி மடிக்கிறாள் என்று நினைக்கிறேன். ஒருத்தி திரையில், ஒருத்தி தரையில், நடுவில் நான். அலுத்துவிட்டது, மகளே. நீ முழுசாக அந்த மூலையில் தெரிந்துகொண்டே இருந்தால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அவள் திரும்பிப் பார்த்துவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் தினமும் ஏழு மணிக்கு டிவியைப் போட்டேன். அந்த நம்பிக்கைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது.

நடந்தது இதுதான். உன் சேனலில் கொஞ்ச நாளாக அடியில் எழுத்து ஓடியது. ஒளிபரப்பு உயர் தரத்துக்கு மாறப்போகிறது, டிவியோடு பழைய கேபிள் பெட்டி வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று. அது யாரோ பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு என்று நினைத்து நான் சும்மா இருந்துவிட்டேன். ஒரு நாள் ஏழு மணிக்குத் திரை கறுப்பாகி, "இந்தச் சேவையை உங்கள் பெட்டி ஆதரிக்கவில்லை" என்று ஒரு வரி வந்தது. ஆதரிக்கவில்லை என்பதை அதுவரை நான் அரசியல்வாதிகள் விஷயத்தில்தான் பார்த்திருக்கிறேன். நான் பெட்டியைத் தட்டினேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன், பெட்டியைத் திருப்பி வைத்து வெயில் படும்படி காய வைத்தேன். மற்ற சேனலெல்லாம் வந்தது. சமையல் வந்தது, யானை வந்தது, நகை விற்பவர்கள் வந்தார்கள். நீ மட்டும் வரவில்லை. இரண்டாம் நாளே உன் அம்மா, "என்னங்க, செய்தி இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்கு. அந்தப் பெட்டியை மாத்தித் தொலைங்களேன்" என்றாள். முதுகு காட்டிக்கொண்டிருப்பவளுக்கு எது ஓடினால் என்ன என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கேபிள்காரர் புதுப் பெட்டி கொண்டுவந்து மாட்டினார். அவரை நான் மீசைக்காரர் என்று சொல்வேன், மேலுதடு முழுக்க மீசை மூடியிருப்பதால் அவர் பேசுவதில் ஒரு சொல்கூட எனக்கு எட்டாது. சும்மா சொல்லக்கூடாது, படம் அப்படி ஒரு தெளிவு. செய்தி வாசிப்பவர் முகத்தில் பூசியிருக்கும் மாவில் எங்கெங்கே வெடிப்பு இருக்கிறது என்று எண்ணிவிடலாம். உன்னைத்தான் காணோம். கிட்டே போய்ப் பார்த்தால், மூலையில் தீப்பெட்டி அளவில் நிற்கிறாய். படம் இவ்வளவு தெளிவாகிவிட்டதே, இனி இவளைச் சின்னதாக்கினாலும் தெரியும் என்று உன் ஆட்கள் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. முடி அளவு விரிசலைப் பார்த்த கண்ணுக்குத் தீப்பெட்டி அளவு மகள் தாராளம். உன் விரல் ஒவ்வொன்றும் துல்லியமாகப் புரிந்தது. அன்றைக்கு உன் அம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், மறுபடி கழற்றித் துடைத்தாள். "தெரிய மாட்டேங்குதே" என்று உதடு அசைந்தது. என்ன தெரியவில்லை என்று கேட்டேன். "ஊசியில நூல் கோக்கணும்" என்றாள். அவள் கையில் ஊசி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டு நாள் கழித்து வியாதி ஆரம்பித்தது. செய்திக்கு முன்னால் நான் முகம் கழுவப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் படம் வீங்கியிருக்கிறது. செய்தி வாசிப்பவருக்கு உச்சந்தலை இல்லை. அடியில் ஓடும் எழுத்தில் மேல்பாதி மட்டும் தெரிகிறது. மூலையில் உன் முகம் பெரிதாக இருக்கிறது, ஒரு காதில் பாதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது, கழுத்தோடு நீ முடிந்துவிடுகிறாய். கழுத்துக்குக் கீழே ஒளிபரப்பு இல்லை. எப்போதாவது ஒரு விரல் நுனி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது. தலையை ஆட்டுகிறாய், கன்னத்தை உப்புகிறாய், புருவத்தைத் தூக்குகிறாய். வெறும் புருவத்தை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் நிலைமையை நான் எவ்வளவுதான் தெரிந்துகொள்ள முடியும்? எங்கோ எதற்கோ விலை ஏறியிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. மறுநாள் கடைக்குப் போனபோது அது உண்மை என்று தெரிந்தது, ஆனால் அதற்குச் செய்தி தேவையில்லை.

மீசைக்காரரை மறுபடி வரவழைத்தோம். காலையில் வந்தார். வீங்கிய படத்தைப் பார்த்தார், ரிமோட்டை வாங்கி ஏதோ அமுக்கினார், படம் சரியாகிவிட்டது. உன் அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னார். மீசை இரண்டு முறைதான் அசைந்தது. அதை உன் அம்மா எனக்குக் கையால் சொல்ல ஐந்து நிமிடம் ஆயிற்று. தொழில்நுட்பம் என்றால் அப்படித்தான், நம் கைப்பேச்சில் அதற்குக் கூடுதல் இடம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "படம்ங்கிறது வரி வரியா வருமாம். உங்க பொண்ணோட சேனல்காரங்க ஆயிரத்து எண்பது வரி அனுப்புறாங்களாம். நம்ம டிவியில எழுநூத்து இருபது வரிக்குத்தான் இடம் இருக்காம். மிச்ச வரியெல்லாம் நாலா பக்கமும் வழிஞ்சு போயிடுதாம். அவ கை அந்த மிச்சத்துல நிக்குது." அப்படியானால் இப்போது எப்படிச் சரியாக இருக்கிறது என்று கேட்டேன். அவள் மீசைக்காரர் பக்கம் திரும்பி ஏதோ பேசினாள், எனக்குக் கொண்டைதான் தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "காலையில வரி கம்மியாத்தான் அனுப்புவாங்களாம். செய்தி முக்கியமில்லையா, அதுக்குத்தான் முழுசா அனுப்புவாங்களாம்" என்றாள். எனக்கு நியாயமாகப் பட்டது. அவர் வண்டியைக் கிளப்பிய பிறகு, இன்னும் ஏதோ கேட்க வேண்டும் என்று அவளே மாடிப்படி இறங்கி ஓடி, தெருவில் அவரை நிறுத்திப் பேசிவிட்டு, அங்கிருந்தே ஜன்னலில் நிற்கும் எனக்கு, "வரிதான், வரிதான் பிரச்சினை" என்று இரண்டு கையையும் விரித்துச் சொன்னாள். தெருவே பார்த்தது. அவளுக்கு வெட்கம் என்று நீ சொன்னாயே, அதை அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஆயிரத்து எண்பதில் எழுநூற்று இருபது போனால் மூன்றில் ஒரு பங்கு. உன் உடம்பில் கழுத்துக்குக் கீழே இருப்பது அதைவிட அதிகம்தான், இருந்தாலும் கணக்கு ஒரு மாதிரி ஒத்துவந்தது. கீழே வழிவதாக இருந்தால் டிவியை உயர்த்தி வைத்தால் என்ன என்று இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து அடியில் கொடுத்தேன். உன் அம்மா, "நல்ல யோசனைங்க" என்று தானே ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தாள். அவள் என் யோசனையை நல்லது என்று சொன்னது எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவை. படம் மாறவில்லை. என் பிடரிதான் பிடித்துக்கொண்டது.

பிறகு டிவி மெக்கானிக் வந்தார். அவர் ஒரு தடவைகூட முகத்தைக் காட்டவில்லை, டிவிக்குப் பின்னாலேயே தலையை விட்டுக்கொண்டு பேசினார், உன் அம்மாவும் கூடவே அங்கே குனிந்துகொண்டாள். நடுவில் அவர் தோள் குலுங்கியது, சிரிக்கிறார் என்று தெரிந்தது. எதற்குச் சிரிக்கிறார் என்று கேட்டேன். "நம்ம டிவியோட வயசைக் கேட்டுட்டு சிரிக்கிறாரு" என்றாள். வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "பெட்டியும் டிவியும் ஒத்துப்போகலையாம். அது ஒரு அளவுல குடுக்குதாம், இது வேற அளவுல வாங்குதாம். ரெண்டும் ஒரே வீட்டுலதான் இருக்கு, ஆனா ஒண்ணு பேசுறது ஒண்ணுக்குப் புரியலையாம். யாராவது ஒருத்தர் இறங்கி வரணுமாம்." கடைசி வாக்கியத்தை அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மெக்கானிக் டீ குடித்துவிட்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார். வேலை செய்யாமலே இவ்வளவு அன்பாக ஒரு மெக்கானிக் நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாவதாக, பெட்டி செய்யும் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். செய்தி நேரத்தில்தான் வியாதி வருகிறது என்று நான் எழுதிக் காட்டியதால் மாலையிலேயே வந்தார். அன்றைக்குப் பார்த்து நீ முழுசாக வந்தாய். சின்னதாக, தலை முதல் இடுப்பு வரை, பத்து விரலோடும் வந்தாய். ஆஸ்பத்திரி வாசலில் வலி நின்றுபோன நோயாளி மாதிரி எனக்கு அவமானமாக இருந்தது. அவர் சூயிங்கம் மென்றுகொண்டே பேசியதால் உதடு எனக்குப் பிடிபடவில்லை. உன் அம்மாவிடம் ரிமோட்டைக் காட்டி நெடுநேரம் பொறுமையாக விளக்கினார். அவளும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். "என்ன சொன்னாரு?" என்று கேட்டதற்கு, "இவரு வந்தா சிக்னல் பயந்துக்குமாம், போனதும் பழையபடி ஆயிடுமாம். தர நிர்ணயம் சரியாகிற வரைக்கும் பொறுத்துக்கணுமாம்" என்றாள். அவர் சொன்னது பலித்தது. மறுநாளிலிருந்து படம் முன்னைவிட இன்னும் வீங்கிவிட்டது. உன் மூக்கு மட்டும் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு.

இதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை. பெரிய தெருவில் டிவி விற்கும் கடை இருக்கிறதே, அங்கே போய்ப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னதும் உன் அம்மாதான். குடையையும் எடுத்துக் கொடுத்து, "அவசரமில்லை, மெதுவா முழுசா பாத்துட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் சுவர் முழுக்க டிவி, ஒவ்வொன்றிலும் நீ, எல்லாவற்றிலும் கையோடு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். நீ வெள்ளம் வந்ததைச் சொன்னாய், பழக்கதோஷத்தில் நான், "எந்தப் பக்கம்? யாருக்காவது ஆபத்தா?" என்று கையால் கேட்டுவிட்டேன். நடைபாதையில் ஒருவர் நின்றார். இன்னொருவர் நின்றார். ஒரு வயதான மனிதர் டிவிக் கடையோடு சண்டை போடுகிறார் என்று நினைத்துக் கடைக்காரர் வெளியே வந்தார். மூலையில் நிற்பவள் என் மகள் என்று எழுதிக் காட்டினேன். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அன்று முதல் ஏழு மணிக்கு நடைபாதையில் அந்த ஸ்டூல் எனக்கு. ஒரே தொல்லை, ஸ்டூலில் உட்கார்ந்தவனைக் கடை ஆள் என்று நினைத்து எல்லோரும் விலை கேட்கிறார்கள். நான் காதைத் தொட்டுக் காட்டினால் இந்தக் கடையில் ஆள் சரியில்லை என்று போய்விடுகிறார்கள். கடைக்காரருக்கு என்னால் வியாபாரம் கெடுகிறது என்று எனக்குத் தெரிகிறது. மழைக்காலம் வேறு வருகிறது.

ஆகையால்தான் கேட்கிறேன். உன் கட்டத்தை மேலே தூக்கச் சொல், அல்லது வரியைக் குறைக்கச் சொல், அல்லது எழுநூற்று இருபது வரிக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு செய்தி அனுப்பச் சொல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ படித்த காலத்தில், மொழிபெயர்க்கிறவள் தன் பேச்சைச் சேர்க்கவும் கூடாது, அடுத்தவர் பேச்சை விடவும் கூடாது, அதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம் என்று பெருமையாகச் சொல்வாய். உன் அம்மா எந்தப் பள்ளியிலும் அதைப் படித்தவள் இல்லை. ஆனால் வந்தவர்கள் மூன்று பேர் சொன்னதையும் ஒரு வரி விடாமல், ஒரு சொல் கூட்டாமல், அலுக்காமல் எனக்குக் கையால் சொன்னாள். அந்த நேர்மையை நினைத்தாவது நீ முதலில் இறங்கி வா. வெட்கம் என்று சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல். போனை எடுக்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இரு.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல், எடுத்த காரியமெல்லாம் கூடிவந்து, நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பெண்ணுக்கும், எனக்காகச் சிரமப்படப்போகும் என்ஜினியர்களுக்கும் என் அன்பைச் சொல். உன் அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எனக்குக் காது கேட்காது என்பதைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். என்ஜினியர்களை விட்டுவிடு, பாவம், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

இன்றைக்கு டிவிக் கடைக்கு வார விடுமுறை. அதனால் வீட்டிலேயே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் ஏழு மணி, செய்தி ஆரம்பித்துவிட்டது, படம் முழுசாக இருக்கிறது, மூலையில் நீ தீப்பெட்டி அளவில் நிற்கிறாய். நான் இன்னும் எழுத்தில் மூழ்கியிருக்கிறேன் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டாள். மடித்து வைத்த துணிக்கு அடியிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். திரையைப் பார்த்தபடியே ஒரு பட்டனை அமுக்கினாள். படம் வீங்கியது. இன்னொரு தடவை அமுக்கினாள், இன்னும் வீங்கியது. உன் கை போயிற்று, முகம் வந்தது. நாற்காலியை டிவிக்கு முன்னால் மூக்கு முட்டும் தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரிக் கண்ணாடியில் அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் உதடு மட்டும் எனக்கு என்றைக்கும் தப்பாது. "சாப்பிட்டியாடி? கண்ணுக்குக் கீழ ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு? தூங்குறியா இல்லையா?" என்று கேட்டாள். நீ வேறு ஏதோ செய்திக்காகப் புருவத்தைத் தூக்கினாய். "ஆமா, பொய் சொல்லு" என்றாள்.

செய்தி முடியும்வரை நான் அசையவில்லை. பிறகு போய்த் தோளைத் தொட்டேன். ரிமோட்டைத் துணிக்குள் ஒளிக்கப் பார்த்தாள், அது நழுவிக் கீழே விழுந்துவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "புதுப் பெட்டி வந்ததும் அவ முகமே தெரியலைங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். அப்படியானால் மீசைக்காரர் என்னதான் சொன்னார் என்று கேட்டேன். "யாரோ ஜூம் அமுக்கியிருக்காங்கம்மா, அவ்வளவுதான்" என்றாராம். முதல் தடவை கண்ட பட்டனையெல்லாம் அமுக்கியதில் தானாக வந்ததாம், தெருவில் ஓடிப்போய் அவரை நிறுத்தியது, அது எந்தப் பட்டன் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்காம். மெக்கானிக்கிடம் உண்மையைச் சொல்லி, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்று கேட்டுக்கொண்டாளாம், அதற்குத்தான் அவர் சிரித்தாராம். டை கட்டியவர், "ரெண்டு தடவை அமுக்கினா இன்னும் பெரிசா வரும்மா" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாராம். ஆயிரத்து எண்பதும் எழுநூற்று இருபதும் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெட்டி வந்த அட்டையில் ஒன்று, டிவி அட்டையில் ஒன்று போட்டிருந்ததாம். விரிசல் பார்த்தே வயதான நான், இரண்டு மாதமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கட்டைவிரலைப் பார்க்கவில்லை.

முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னாயே என்று கேட்டேன். "டிவியில பாக்குறது கணக்குல வராது" என்றாள். ரிமோட்டைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "எனக்கு உங்ககூடப் பேச என்னைக்குங்க வெட்கம்? அதை அவகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டாள். நீயே சொல் என்றேன். "தினமும் சொல்றேன். அவதான் செய்தி முடிஞ்சதும் போயிடுறாளே" என்றாள். பிறகு அழுதாள். நானும் சும்மா இருக்கவில்லை.

ஆகவே உன் கட்டத்தை மேலே தூக்க வேண்டாம், வரியைக் குறைக்க வேண்டாம், நீ இருக்கும் இடத்திலேயே இரு. எனக்கு ஸ்டூல் இருக்கிறது, நடந்தால் காலுக்கும் நல்லது. மழை வந்து நான் வீட்டில் இருக்கும் நாளுக்காக மட்டும் ஒன்று செய். செய்தி சொல்லும்போது கைகளைக் கொஞ்சம் உயர்த்தி, தாடைக்குப் பக்கமாக வைத்துச் சொல், பாதிச் செய்தியாவது எனக்குக் கிடைக்கும். ஆனால் முகத்தை மறைத்துவிடாதே. அவள் பேசிக்கொண்டிருப்பாள்.